இரவு வேலைக்கு வரிச்சலுகை: சலுகை முதலாளிக்கு, தூக்கம் போவது எனக்கா?

ராக்கோழி:
பெல்ஜியத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் இந்தக் கேள்வி. ஆன்ட்வெர்ப் பக்கம் ஒரு கிடங்கில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இன்டரிம் (தற்காலிக ஆட்களை அனுப்பும் நிறுவனம்) மூலம் சேர்ந்தேன், இன்னும் இன்டரிம்தான். பாதிக்கு மேல் பகல் வேலை, நடுநடுவே இரவு வரும். இரவு என்றால் பத்து மணிக்கு நுழைந்து காலை ஆறுக்கு வெளியே. எந்த நாள் எது என்பதைத் திட்டமிடுபவர் வாட்ஸப்பில் அனுப்புவார்.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சங்கப் பிரதிநிதி என் சம்பளத்தாளை வாங்கிப் பார்த்தார். பெட்ரைஃப்ஸ்வோர்ஹெஃபிங், அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி, என்ற இடத்தில் விரலை வைத்து, "இது முழுவதும் அரசுக்குப் போகிறது என்றா நினைக்கிறாய்? நீ இரவில் வேலை செய்கிறாய் என்பதற்காக 22.8 சதவீதம் கம்பெனிப் பக்கமே நின்றுவிடுகிறது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பெயரில் பிடித்த வரிதானே? கட்டாமலே வைத்துக்கொண்டால் நாளைக்கு வரித்துறை என்னைத்தானே கேட்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சம்பளக்கணக்கர்:
பிரஸ்ஸல்ஸில் கம்பெனிகளுக்குச் சம்பளம் போட்டுக்கொடுக்கும் அலுவலகத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் இந்தச் சலுகையோடுதான் கழிகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். உங்களிடம் பிடித்த வரி முழுவதும் கட்டப்பட்டதாகவே உங்கள் கணக்கில் ஏறும். அடுத்த வருடம் வரிக்கணக்குத் தாக்கல் செய்யும்போது ஒரு சென்ட் குறையாது. சலுகை என்பது முதலாளிக்கும் அரசுக்கும் இடையில் உள்ள விஷயம். ஊழியரிடம் முழு வரியையும் பிடிக்க வேண்டும், பிடித்ததில் ஒரு பகுதியை மட்டும் அரசுக்குச் செலுத்தாமல் வைத்துக்கொள்ளலாம். வருமான வரிச் சட்டத்தில் 275/5 ஆம் பிரிவு. நடைமுறையில் இரண்டு அறிக்கை போடுவோம். முதலாவதில் மொத்த வரி இருக்கும், இரண்டாவதில் சலுகைத் தொகை கழித்தல் குறியோடு இருக்கும்.

தொடங்கியது 2004 வாக்கில், அப்போது சிறிய தொகைதான். 2009 ஜூனில் 15.6 சதவீதம் ஆனது, 2016 இலிருந்து 22.8. வாரம் முழுக்க, சனி ஞாயிறு உட்பட, நான்கு குழுவாவது வைத்து இயந்திரத்தை வாரத்துக்கு 160 மணி நேரமாவது ஓட்டும் ஆலைகளுக்கு 25 சதவீதம். ஆன்ட்வெர்ப் துறைமுகத்து ரசாயன ஆலைகளை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே கொதிகலனை வெள்ளிக்கிழமை அணைத்துவிட்டுத் திங்கள்கிழமை பற்றவைக்க முடியாது.

உங்கள் விஷயத்தில் வரியைப் பிடிப்பது இன்டரிம் நிறுவனம், எனவே சலுகையும் முதலில் அங்கேதான் வரும். அதில் எவ்வளவு கிடங்குக்குப் போகிறது என்பது அவர்கள் இரண்டு பேரும் பேசும் விலையில் அடங்கியிருக்கும். அந்தப் பேச்சில் நீங்கள் இல்லை.

புதுவரவு:
இதில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது? எனக்கு மாதம் 870 யூரோ பிடிக்கிறார்கள். அதில் 22.8 சதவீதம் என்றால் 198 யூரோ. ஒரு கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு பணமா?

சம்பளக்கணக்கர்:
எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 22.8 என்பது வரியில் அல்ல, சம்பளத்தில். சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் போக மிஞ்சும், வரி விதிக்கத்தக்க சம்பளத்தில் 22.8 சதவீதம். அது 3,500 யூரோ என்று வைத்துக்கொண்டால் சலுகை 798 யூரோ. உங்களிடம் பிடித்த 870இல் அரசுக்குப் போவது 72. ஒரு ஆளுக்கு, ஒரு மாதத்துக்கு. கல்யாணம் ஆனவரா, குழந்தை எத்தனை என்பதைப் பொறுத்துப் பிடித்தம் மாறும், அந்த 22.8 மாறாது. ஷிஃப்ட் படியும் கணக்கில் சேரும். விடுமுறைப் பணம், ஆண்டிறுதி போனஸ், பழைய பாக்கி மூன்றும் சேராது.

நாட்டுக் கணக்கில் இது வருடத்துக்கு நூறு கோடி யூரோவைத் தாண்டும் செலவு.

புதுவரவு:
72 யூரோவா! சரி, வாயை மூடிக்கொள்கிறேன்.

பாண்காரன்:
நான் முதலாளிப் பக்கம். திட்டுபவர்கள் வரிசையில் வாங்கோ.

லிம்பர்க் பக்கத்தில் சின்ன வெதுப்பகம், என்னோடு நாலு பேர். பாண் வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, விடிய மூன்றரைக்கு மாவில் கை வைத்தால்தான் ஏழு மணிக்குத் தட்டு நிறையும். சலுகை எங்களுக்கும் வந்துகொண்டிருந்தது. இரவு வேலைக்கு இரண்டு குழு, மாறுகிற நேரம் என்ற நிபந்தனை எல்லாம் இல்லை. இரவு எட்டுக்கும் காலை ஆறுக்கும் இடைப்பட்ட வேலையாக இருந்தால் காணும்.

பிறகு நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். மாவை முதல் நாள் பின்னேரமே உருட்டிக் குளிர் அறையில் வைத்து மெல்லமாகப் பொங்க விடுகிற முறைக்கு மாறினேன். பாணின் ருசியும் கூடிச்சுது, பொடியன்களும் ஐந்து மணிக்கு வந்தால் போதும் என்றாகிவிட்டது. ஒன்றரை மணித்தியாலம் கூட நித்திரை. ஒருத்தனுக்கு அப்பதான் பிள்ளை பிறந்திருந்தது, அவன் என்னைக் கும்பிடாத குறை.

மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர் தொலைபேசி எடுத்தார். "ஐந்து மணிக்குத் தொடங்குகிறவர்கள் சட்டப்படி இரவுத் தொழிலாளர் இல்லை, சலுகை கிடையாது" என்றார். நான் சட்டத்தை வாசிக்காமல் மாவை வாசித்துவிட்டேன். நாலு பேருக்கும் சேர்த்து அந்தப் பணம் போச்சுது. இப்ப சொல்லுங்கோ, நான் திரும்ப மூன்றரைக்கு ஆக்களை எழுப்பவோ?

சம்பளக்கணக்கர்:
அண்ணா, சட்டத்தில் அது எழுத்துக்கு எழுத்து இருக்கிறது. காலை ஆறுக்கும் நள்ளிரவுக்கும் இடையில் மட்டும் வேலை செய்பவர்களும், வழக்கமாக ஐந்து மணி முதல் தொடங்குபவர்களும் இரவுத் தொழிலாளர் கணக்கில் சேர மாட்டார்கள். நாலரைக்கு என்று வைத்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் தொழில் அப்படி.

ஷிஃப்ட் வேலைக்கு நிபந்தனை இதைவிட நுணுக்கம். குறைந்தது இரண்டு குழு, குழுவுக்குக் குறைந்தது இரண்டு பேர், உள்ளடக்கத்திலும் அளவிலும் ஒரே வேலை. ஒரு குழு முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையில் வெற்று நேரம் இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக நிற்கும் நேரம் அன்றைய வேலையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் இரண்டு மணி வரை சேர்ந்து நிற்கலாம். காலைக் குழு 1.30க்குக் கிளம்பி மதியக் குழு 2.00க்கு வருகிறது என்றால் அந்த அரை மணி போதும், மொத்தமும் போய்விடும். இயந்திரம் சூடாகவே இருந்தாலும் சரிதான். "அளவு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டே வழக்குகள் நடந்து, 2024இல் சட்டத்தையே திருத்தி எழுதினார்கள்.

எதிர்வாதி:
எல்லோரும் இதை முதலாளிக்குக் கொடுத்த லஞ்சம் மாதிரிப் பேசுகிறீர்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1997இல் வில்வோர்டேயில் ரெனோ கார் ஆலை மூடியது. 2010 டிசம்பரில் ஓப்பல் ஆன்ட்வெர்ப். 2014 டிசம்பரில் ஃபோர்ட் கெங்க். பாண்காரன் அண்ணனுக்கு லிம்பர்க்கில் அது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்கும். இங்கே விலைவாசி ஏறினால் சம்பளம் தானாக ஏறும், ஊழியருக்கு நல்லது, நானும் அதில்தான் வாழ்கிறேன். ஆனால் ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் மூன்றோடும் கூலிச் செலவை ஒப்பிட்டு அஞ்சும் நாடு இது, அதற்கென்றே 1996இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலைதான் எளிதில் வேறு நாட்டுக்குப் போகக்கூடியது. சலுகையை அந்த இடத்தில் வைத்தது புத்திசாலித்தனம்.

ராக்கோழிக்கு ஒன்று. அந்த 22.8 இல்லாவிட்டால் உங்களுக்கு அந்த வேலையே இருந்திருக்குமா?

ராக்கோழி:
பிரஸ்ஸல்ஸில் ஆடி கார் ஆலை 2025 பிப்ரவரியில் மூடியதே, அங்கே ஷிஃப்ட் ஓடவில்லையா? சலுகை இருந்தும்தானே போனது?

எதிர்வாதி:
போனது. மின்சாரக் கார் விற்காததற்கு வரிச்சலுகை மருந்தாகாது. சலுகை இருந்தால் எந்த ஆலையும் மூடாது என்று நான் சொல்லவில்லை.

பாண்காரன்:
கெங்க் மூடின வருசம் என்ர கடையில் காலையில் வாற கூட்டம் பாதியானது. இரவு ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில் பாண் வாங்கிற ஆக்கள் அவை. எதிர்வாதி சொல்வதில் உண்மை இருக்கு. ஆனால் என்ர வெதுப்பகம் போலந்துக்கு ஓடாது. எனக்கும் அதே சலுகை ஏன் தந்தவை?

எதிர்வாதி:
ஒரு தொழிலுக்கு மட்டும் கொடுத்தால் ஐரோப்பிய ஆணையம் தடைசெய்யப்பட்ட அரசு உதவி என்று பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருப்பார்கள். இது என் ஊகம்.

நெக்கார்க்கரை:
ஸ்டுட்கார்ட்டில் செவிலியர். நாகர்கோவிலிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் பேசுவதைப் படிக்கப் படிக்க வியப்பாக இருக்கிறது, ஜெர்மனியில் கதை நேர் எதிர்.

இங்கே முதலாளிக்கு எதுவும் இல்லை, சலுகை நேரே எங்களுக்கு. வருமான வரிச் சட்டம் 3பி பிரிவு. இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை வேலைக்குக் கொடுக்கும் கூடுதல் படி, அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதம் வரை வரி கிடையாது. நள்ளிரவுக்கு முன்பே வேலை தொடங்கியிருந்தால் 12 முதல் 4 வரை 40 சதவீதம். ஞாயிற்றுக்கிழமைக்கு 50, அரசு விடுமுறை நாளுக்கு 125. கிறிஸ்துமஸ் நாளில் 150. டிசம்பர் 25 இரவு டியூட்டிக்கு எங்கள் வார்டில் சண்டையே நடக்கும், யார் தப்பிப்பது என்பதற்கு அல்ல, யார் போவது என்பதற்கு.

ராக்கோழி:
அக்கா, அப்படியென்றால் நான் நாளைக்கே ரயில் ஏறுகிறேன்.

நெக்கார்க்கரை:
ஏறுங்கள், ஆனால் மிச்சத்தையும் கேட்டுவிட்டு ஏறுங்கள். அந்தப் படி உண்மையில் வேலை செய்த மணிக்கு மட்டும்தான் வரியில்லாமல் வரும். காய்ச்சலில் படுத்தால், அந்த இரவுக்கான படியைக் கொடுத்தாலும் வரி பிடித்துத்தான் கொடுப்பார்கள். விடுமுறையிலும் அப்படியே. அடிப்படைச் சம்பளம் மணிக்கு 25 யூரோ வரை அந்தப் படிக்குச் சமூகக் காப்பீடும் பிடிக்க மாட்டார்கள். கையில் வரும்போது இனிக்கும், ஓய்வூதியக் கணக்கில் அந்த இரவுகள் இல்லவே இல்லை.

எனக்கு அது உறைத்தது மகள் பிறந்தபோது. பெற்றோர் உதவித்தொகையை வரி கட்டும் வருமானத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். நான் மாதம் எட்டு, ஒன்பது இரவு பார்த்து அதை நம்பியே வீட்டு வாடகையை முடிவு செய்திருந்தேன். கடிதம் வந்தது, திறந்து பார்த்தால் என் இரவுகளையே காணோம். எல்லாம் வரியில்லாத பணம், அதனால் வருமானமே இல்லை. சமையலறையில் உட்கார்ந்து மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

கையில் வருகிற காசு நல்லதுதான், மறுக்கவில்லை. கையில் மட்டும் வருகிறது என்பதைச் சொன்னேன்.

பின்னலாடை:
திருப்பூரிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இங்கேயும் ஆர்டர் முட்டும்போது இரவு ஓடுகிறது. இரவு வேலைக்கென்று தனிச் சலுகை இந்தியாவில் இருக்கிறதா? எங்கள் ஆடிட்டர் 80ஜேஜேஏஏ என்று ஏதோ சொல்வார்.

சம்பளக்கணக்கர்:
அது வேறு ஜாதி. புதிதாக ஆள் சேர்த்தால், அந்தக் கூடுதல் சம்பளச் செலவில் 30 சதவீதத்தை மூன்று வருடம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது. மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் சேர மாட்டார். பொதுவாக வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், ஆயத்த ஆடைக்கு 150 நாள் போதும், உங்கள் தொழிலுக்குக் கிடைத்த தளர்வு. பகலா இரவா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. பழைய சட்டத்து எண்ணைத்தான் சொல்கிறேன், இப்போதைய எண்ணை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பின்னலாடை:
நன்றி. 150 நாள் விஷயம் அவர் சொல்லவே இல்லை!

ராக்கோழி:
சம்பளக்கணக்கர் அண்ணா, இன்னொரு சந்தேகம். மாதக் கடைசி வந்தால் திட்டமிடுபவருக்கு என் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடுகிறது. "இன்னும் ஒரே ஒரு இரவு, ப்ளீஸ்" என்று செய்தி வரும். கிடங்கில் வேலை குறைவாக இருக்கும் நாளிலும் வரும். போன மாதம் 28ஆம் தேதி அப்படிப் போனேன். நாலு மணிக்கெல்லாம் சரக்கு முடிந்து, தரையைப் பெருக்கிக்கொண்டு நின்றேன். இதற்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா?

சம்பளக்கணக்கர்:
அந்த மாதம் எத்தனை இரவு பார்த்தீர்கள்?

ராக்கோழி:
பெருக்கியதையும் சேர்த்து ஏழு. மொத்தம் 21 நாள் வேலை.

சம்பளக்கணக்கர்:
அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு விதி. ஒரு ஊழியர் அந்த மாதத்து வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இரவிலோ ஷிஃப்டிலோ இருந்திருந்தால்தான் சலுகை. இருந்துவிட்டால் அந்த மாதத்தின் பகல் சம்பளத்துக்கும் சேர்த்து 22.8 கிடைக்கும். 21இல் மூன்றில் ஒன்று ஏழு. ஆறோடு நின்றிருந்தால் பூஜ்யம். உங்களைப் பெருக்கவிட்ட அந்த இரவுதான் அவர்களுக்கு அந்த மாதத்திலேயே விலை உயர்ந்த இரவு.

உங்கள் திட்டமிடுபவர் அதற்காகத்தான் கூப்பிட்டார் என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் மாதக் கடைசியில் ஆள் வாரியாகச் சதவீதம் போட்ட பட்டியலை அனுப்பச் சொல்லும் கம்பெனிகளுக்கு நானே அனுப்பியிருக்கிறேன். 31, 32 சதவீதத்தில் நிற்பவர்கள் மேல் மஞ்சள் நிறம் அடித்து.

நெக்கார்க்கரை:
மஞ்சள் நிறமா? உடம்பு என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் உண்டா? உடலின் நாள்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற 2ஏ பட்டியலில் வைத்தது. 2019இல் இரவு வேலையை மறுபடி ஆராய்ந்தும் அதே இடம்தான். அந்த 2007 முடிவுக்குப் பிறகு டென்மார்க்கில் பல வருடம் இரவு வேலை பார்த்து மார்பகப் புற்று வந்த பெண்களுக்கு இழப்பீடு கொடுத்திருக்கிறார்கள். பயமுறுத்த எழுதவில்லை, நானும் இன்று இரவு டியூட்டிக்குத்தான் போகிறேன். இரவைக் குறைத்தால் சலுகை போகும் என்று வைத்த சட்டம் எனக்குப் புரியவில்லை.

எதிர்வாதி:
இந்த இடத்தில் நானும் இறங்கி வருகிறேன். சலுகை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் 33.3 என்ற கோட்டில் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று வைத்தது தவறு. இரவுக்கு இவ்வளவு என்று விகிதப்படி கொடுத்திருந்தால் அந்த ஏழாவது இரவுக்கு இப்படி ஒரு விலை வந்திருக்காது.

பாண்காரன்:
அப்படி விகிதப்படி என்றால் என்ர ஐந்து மணிக் கதையும் தீர்ந்திருக்கும். ஐந்திலிருந்து ஆறு வரை ஒரு மணித்தியாலத்துக்காவது தந்திருப்பினம்.

ராக்கோழி:
சரி, அரசைத் திருத்த என்னால் ஆகாது. எனக்கு இதில் பிடிமானம் எங்கேயாவது இருக்கிறதா?

சம்பளக்கணக்கர்:
ஒரே ஒரு இடம் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், சலுகை வாங்க வேண்டுமானால் ஊழியருக்குக் கொடுக்கும் படிக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்துவிட்டார்கள். ஷிஃப்ட் வேலைக்கு மொத்த மணிச்சம்பளத்தில் 2 சதவீதமாவது, இரவு வேலைக்கு 12 சதவீதமாவது. முன்பு படி இருக்க வேண்டும் என்பதுதான், எவ்வளவு என்று இல்லை. மணிக்குப் பத்து சென்ட் கொடுத்துவிட்டுச் சலுகை வாங்கலாமா என்று வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சம்பளத்தாளில் மணிச்சம்பளத்தையும் இரவுப் படியையும் வகுத்துப் பாருங்கள். 12க்குக் கீழே வந்தால் சங்கத்திடம் போங்கள்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். 2025 பிப்ரவரியில் வந்த, பிரதமர் டி வெவரின் கூட்டணி அரசின் ஒப்பந்தத்தில், விநியோகத் துறையில் இரவு வேலை என்பது எட்டு மணிக்குப் பதில் நள்ளிரவில் தொடங்குவதாக வைத்துக்கொள்ளும் யோசனை இருந்தது. கிடங்கு ஆட்களுக்கு அது நேரே படியில் கை வைக்கிற விஷயம். சங்கங்கள் கொதித்ததும் அதனால்தான்.

ராக்கோழி:
வகுத்துப் பார்த்தேன். என் மணிச்சம்பளம் 16.80. இரவுப் படி 2.10. பன்னிரண்டரை சதவீதம் வருகிறது. 12 சதவீதம் என்றால் 2.016, அதாவது சட்டம் கேட்டதைவிட மணிக்கு எட்டு சென்ட் அதிகம் கொடுக்கிறார்கள். நல்ல மனசு.

புதுவரவு:
எட்டு சென்ட்டுக்கு எட்டு மணி நேரம், 64 சென்ட். காபி இயந்திரத்தில் ஒரு காபி வருமா?

ராக்கோழி:
வராது, எங்கள் இயந்திரத்தில் 70.

நேற்று 26ஆம் தேதி. சரியாகச் செய்தி வந்தது. "ஞாயிறு இரவு ஒன்று வர முடியுமா?" என்று. எண்ணிப் பார்த்தேன், இந்த மாதமும் ஆறுதான் முடிந்திருக்கிறது. முன்பெல்லாம் யோசிக்காமல் கட்டைவிரல் படம் போட்டுவிடுவேன். இந்த முறை, "ஞாயிறு முடியாது. ஏழாவது இரவு வேண்டுமென்றால் வியாழன் வருகிறேன், மறுநாள் வெள்ளிக்கிழமை பகலும் எனக்கு விடுப்பு வேண்டும்" என்று எழுதினேன். "ஏழாவது" என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன்.

பத்து நிமிடம் பதில் இல்லை. அப்புறம் வந்தது. வியாழன், வெள்ளி விடுப்பு, இரண்டும் சரி என்று.